நடுவில் நிற்கிறவள்

பதினாறு நாளாகக் கனிதாவிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. அவளுடைய அம்மாவோ இப்போது பின்பக்கக் கேட்டில் வந்து நிற்கிறாள்.

சேதி கொண்டுவந்தவன் ரித்தி. கொட்டாங்குச்சி ஆட்டம் ஆடுகிறவன். இரண்டு கையிலும் கொட்டாங்குச்சியோடு ஒப்பனை அறைக்குள் ஓடிவந்து மூச்சு வாங்கினான். மாலிஸ் அசையவில்லை. அசைய முடியாது. ஃபல்லா அக்கா அவள் முதுகுப்பக்கம் முட்டிபோட்டு உட்கார்ந்து, சட்டையை உடம்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இந்த உடுப்பில் பொத்தானும் கிடையாது, கொக்கியும் கிடையாது. ஆடுகிறவளை உள்ளே நிறுத்தித் தைப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் நூலை அறுத்து எடுப்பார்கள்.

"யாரு அம்மாடா?" என்றாள் ஃபல்லா அக்கா, ஊசியை வாயில் கடித்துக்கொண்டே.

"கனிதாவோட அம்மாக்கா. போசாட்லேருந்து பஸ்ல வந்திருக்கு. 'என் பொண்ணைக் கூப்பிடு தம்பி'ங்குது."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது? கொட்டாங்குச்சிதான் கையில இருந்துச்சு. ரெண்டு தட்டுத் தட்டிட்டு ஓடியாந்துட்டேன்."

சுற்றி இருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு மாலிஸின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள்.

மழைக்காலம் தொடங்கும் முன்பு கனிதாதான் நடுவில் ஆடினாள். தேவகன்னி ஆட்டத்தில் நடுவில் நிற்கிறவளுக்கு வெள்ளைப் பட்டு, சுற்றி நிற்கிறவர்களுக்கு வண்ணப் பட்டு. அந்த வெள்ளைப் பட்டைத்தான் இப்போது மாலிஸ் கட்டியிருந்தாள். விடுதிகளில் கூட்டம் குறைந்து, வாரத்தில் மூன்று நாள்தான் ஆட்டம் என்று ஆனபோது கனிதா ஒரு தரகனோடு எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போனாள். இறால் உரிக்கும் வேலை. கையில் வேலைக்கான அனுமதிக் காகிதம் ஒன்றும் இல்லை. போன் வைத்திருக்கக் கூடாது என்று தரகன் சொல்லிவிட்டதால் தன் போனை மாலிஸிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"எங்கம்மா ஊரு பூரா என் பொண்ணு வெள்ளைப் பட்டு கட்டி ஆடுறான்னு சொல்லி வச்சிருக்குடி. இறால் தலையத் திருகுறேன்னு தெரிஞ்சா அது தலை குனிஞ்சு போயிடும். வாரம் ஒரு போட்டோ அனுப்பு போதும். ஆறு மாசம். வந்துடுவேன்."

மாலிஸ் அனுப்பினாள். பூச்சும் மகுடமும் ஏறிவிட்டால் எல்லா முகமும் ஒரே முகம்தான். நடுவில் வெள்ளைப் பட்டு இருந்தால் போதும், பெற்றவளுக்கு அது மகள். ஞாயிற்றுக்கிழமைகளில், தன்னோடு வேலை செய்கிற ஒருத்தியின் போனிலிருந்து கனிதா கூப்பிடுவாள். அம்மாவுக்கென்று இரண்டு வார்த்தை பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். அந்தக் குரலைப் போட்டோவோடு சேர்த்து மாலிஸ் ஊருக்கு அனுப்பிவிடுவாள். இரண்டு ஞாயிறாகக் குரல் வரவில்லை. மாலிஸ் திரும்பக் கூப்பிட்டால் தாய்லாந்துப் பேச்சில் ஒரு பெண் எதையோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். இரண்டு ஞாயிறும் மாலிஸ் போட்டோவை மட்டும் அனுப்பினாள். கீழே, 'நல்லா இருக்கேன்மா, தொண்டை கட்டியிருக்கு' என்று ஒரு வரி.

"அந்த அம்மா எப்படி இருக்கு? கோபமா இருக்கா?" என்று மாலிஸ் ரித்தியைக் கேட்டாள்.

"கோபமெல்லாம் இல்ல. பேச்சே கம்மி. வெள்ளைச் சட்டை போட்டுருக்கு, தலையில துண்டு கட்டிருக்கு. செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நிக்குது."

"இன்னைக்குச் சீல நாள்ல, கோயில்ல விரதம் எடுக்குற நாள்," என்றாள் ஃபல்லா அக்கா. "காலையில கோயிலுக்குப் போயிட்டு அப்படியே பஸ் ஏறிருக்கும். நம்ம நேரம் நல்லாருக்கு. சீலம் எடுத்தவ சண்டை போட மாட்டா."

அது மாலிஸுக்குச் சற்றுத் தெம்பு கொடுத்தது.

"ரித்தி, போய்ச் சொல்லு. கனிதாவுக்கு மகுடம் ஏத்தியாச்சு, இனி வெளியாளோட பேசக் கூடாதுன்னு."

மகுடத்துக்கு ஊதுபத்தி காட்டிக் கும்பிட்டுத் தலையில் வைத்தபிறகு அது குருவின் தலை. சாப்பாடு, வெட்டிப்பேச்சு, வெளி ஆள் எதுவும் கூடாது. ஊர்க்காரிக்கும் அது தெரிந்திருக்கும்.

"ஆட்டம் முடிஞ்சதும்?" என்றாள் ஃபல்லா அக்கா.

"புனோம்பென்ல நாளைக்கு ஆட்டம், வேன் வந்துடுச்சு, அவசரமாக் கிளம்பிட்டான்னு சொல்லிடலாம்."

"நீ சொல்லுவ. பெத்தவ நம்புவா." ஃபல்லா அக்கா நூலை இழுத்த இழுப்பில் மாலிஸுக்கு விலா வலித்தது. "எத்தனை நாளைக்குடி இப்படி?"

"அவ வர்ற வரைக்கும்."

"வருவாளா?"

மூலையில் மின்விசிறி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தது. ஃபல்லா அக்கா முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சீலம் எடுத்தவகிட்ட பொய். உனக்கு அடுத்த பிறவியில நாக்கு இருக்காது, பாத்துக்க."

"இந்தப் பிறவியிலேயும் இருந்து என்ன பண்ணேன்?" என்றாள் மாலிஸ்.

ரித்தி போன வேகத்தில் திரும்பினான். "நம்பிடுச்சு. தலைய ஆட்டுச்சு. ஆனா போகமாட்டேங்குதுக்கா. உக்காந்து பாக்கணுமாம்."

"ஐயோ."

"கடைசி மேசையில உக்கார வச்சிருக்கேன், இனிப்புத் தட்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல. முதலாளி பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. ரெண்டு பஸ் கூட்டம்தான் இன்னைக்கு. முக்கால்வாசி மேசை காத்தாடுது, அவரு யாரை விரட்டப் போறாரு?"

மாலிஸ் மகுடத்தின் முன் கைகூப்பினாள். வழக்கமாக நல்லபடியாக ஆட வேண்டும் என்று கேட்பாள். இன்று என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்த அம்மா நிம்மதியாகத் திரும்பிப் போகட்டும் என்று கேட்டாள். கனிதா கூப்பிட வேண்டும் என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. கேட்டு, அது நடக்காமல் போனால்?

மகுடம் தலையில் ஏறியது. நெற்றியை இறுக்கியது.

முதல் ஆட்டம் பூத்தூவி வாழ்த்துவது. அதற்குச் சின்னப் பெண்கள் போனார்கள். மாலிஸ் திரைக்குப் பின்னால் நின்றாள். உட்கார முடியாது, தையல் தெறிக்கும். திரையில் ஒரு பழைய கிழிசல் இருந்தது. எல்லோரும் அதில் கண் வைத்துத்தான் கூட்டம் பார்ப்பார்கள்.

கூடம் பெரியது. ஒரு காலத்தில் அறுநூறு பேர் சாப்பிட்ட கூடம். இப்போது மேடைக்கு முன்னால் இரண்டு வரிசை மேசை மட்டும் நிறைந்திருந்தது. பாதிப் பேர் மேடைக்கு முதுகு காட்டிச் சாப்பிட்டார்கள். ஒருவர் தட்டு நிறைய இறால் ஓட்டைக் குவித்து வைத்திருந்தார். மாலிஸ் கண்ணை அங்கிருந்து எடுத்தாள்.

கடைசி மேசையில் கனிதாவின் அம்மா நுவோன் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளை மாலிஸ் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். கனிதாவின் அதே அகன்ற முகம். துண்டு நெற்றிவரை இறங்கியிருந்ததால் கண் சிறுத்துத் தெரிந்தது. மேசை மேல் ரித்தி கொண்டுபோய் வைத்த தட்டு: வாழையிலைக் கிண்ணத்தில் தேங்காய்ப்பாலில் அவித்த மீன், சோறு, ஒரு துண்டு பூசணி இனிப்பு. எதையும் தொடவில்லை.

"சாப்பிடல," என்றாள் மாலிஸ்.

"எப்படிச் சாப்பிடும்? சீலம் எடுத்தா மத்தியானத்துக்கு மேல வாயில எதுவும் வைக்கக் கூடாதுல்ல," என்றான் பக்கத்தில் நின்ற ரித்தி. "நான் ஒரு மடையன். மீனை வேற வச்சுட்டேன்."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு வெளிநாட்டுக் குழந்தை எழுந்து வந்து நுவோனை வாய்பார்த்து நின்றது. நுவோன் அதன் தலையில் கை வைத்தாள். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். குழந்தையின் அப்பா வந்து சிரித்துக்கொண்டே தூக்கிப் போனபோதும் அந்தக் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"பாவம், மகளை நினைச்சிருக்கும்," என்றான் ரித்தி. பிறகு கொட்டாங்குச்சியோடு மேடைக்கு ஓடினான். அவன் ஆட்டத்தில் பையன்களும் பெண்களும் மாற்றி மாற்றித் தட்டிக்கொள்ள வேண்டும். ரித்தி வேண்டுமென்றே தாளம் தப்பித் தன் தலையிலேயே தட்டிக்கொள்வான், கூட்டம் சிரிக்கும். இன்று சிரிப்பு முன்வரிசையோடு நின்றுவிட்டது.

மாலிஸ் அந்த நேரத்தில் மனதுக்குள் கனிதாவை நிறுத்திப் பார்த்தாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே அறையில் படுத்தவர்கள். கனிதாவின் ஆட்டத்தில் அவசரம் இருக்காது. திரும்பும்போது முதலில் கண் போகும், அப்புறம் கழுத்து, அப்புறம்தான் தோள். மாலிஸ் எல்லாவற்றையும் ஒன்றாகத் திருப்பிவிடுவாள். ஆசிரியை அடிப்பார். "நீ கதவா? கதவுதான் மொத்தமாத் திரும்பும்." கனிதாவின் அம்மா மகள் ஆடுவதைச் சின்ன வயதில் எத்தனை முறை பார்த்திருப்பாள்? கோயில் திருவிழாவில் ஒருமுறை, பள்ளிக்கூட விழாவில் ஒருமுறை. அவ்வளவுதான் இருக்கும். இருந்தாலும் இன்று கனிதா மாதிரி ஆடிவிட வேண்டும். கண், கழுத்து, தோள்.

மூங்கில் சைலபோனின் தாளம் தணிந்து, பாட்டுக்காரி குரல் எடுத்தாள். விளக்கு நீலமானது. மாலிஸ் போய் நடுவில் நின்றாள்.

முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. பல் தெரியாத சிரிப்பு. கோயில் கல்லில் செதுக்கியதும் அதுதான், ஆசிரியை சொல்லிக்கொடுத்ததும் அதுதான். வயிறு கடுத்தாலும் அது போகாது. விரல்கள் பின்னால் வளைந்தன. ஒரு காலைப் பின்னால் தூக்கி நின்றாள். கண் போனது, கழுத்து போனது, தோள் போனது. சுற்றிலும் நான்கு வண்ணப் பட்டுகள் அவளுக்குத் தகுந்தபடி மெதுவாயின. ஒருத்தி உதடு அசையாமல், "என்னடி, இன்னைக்கு இழுக்குற?" என்று முணுமுணுத்தாள்.

பாதி ஆட்டத்தில் நுவோன் எழுந்து நின்றாள்.

மாலிஸ் அதைக் கண்ணோரத்தில் பார்த்தாள். ஆனால் கால் விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது. நுவோன் மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். பரிமாறுகிறவன் ஒருவன் ஒதுங்கி வழிவிட்டான். மேடைக்கு நேர் எதிரே வந்து நின்றாள். செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது. வாயைத் துண்டின் நுனியால் பொத்திக்கொண்டு மேலே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது.

நம்பிவிட்டாள், என்று மாலிஸ் நினைத்தாள். மகளென்று நம்பிவிட்டாள். அந்த நினைப்பு ஒரே நேரத்தில் நிம்மதியாகவும் வெட்கமாகவும் இருந்தது. இனி முடிந்ததும் உள்ளே போய்விட வேண்டும். வேன், புனோம்பென், அவசரம்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் வந்தது. ஆனால் உள்ளே போக முடியாது. ஆட்டம் முடிந்ததும் வந்தவர்கள் மேடை ஏறி, ஆடினவர்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வது இந்த ஊர்க் கூடங்களில் வழக்கம். நடுவில் நிற்கிறவள் கடைசி ஆள் இறங்கும்வரை அசையக் கூடாது. அவளோடு எடுத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. இந்த வழக்கத்தைப் பற்றி ஒப்பனை அறையில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. தினமும் செய்கிற வேலை மனதில் நிற்பதில்லை.

படிக்கட்டில் வரிசை சேர்ந்தது. தொப்பிக்காரர்கள் மூன்று பேர், குழந்தையைத் தூக்கிய அப்பா, இரண்டு கிழவிகள். அவர்களுக்குப் பின்னால் நுவோன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஃபல்லா அக்கா கையை ஆட்டினாள். வா, வா, உள்ளே வா. மாலிஸ் போகவில்லை. ஓடினால் அந்தக் கணமே எல்லாம் உடைந்துவிடும். நின்றால் ஒருவேளை, இந்த வெளிச்சத்தில், இந்தப் பூச்சில், ஒரு நிமிடம்தானே. கனிதாவும் அவளும் ஒரே உயரம்.

தொப்பிக்காரர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள், போனார்கள். குழந்தை மகுடத்தைப் பிடிக்கப் பார்த்தது. கிழவிகள் மாலிஸின் விரல் போலத் தங்கள் விரலை வளைக்கப் பார்த்துச் சிரித்தார்கள். மாலிஸும் சிரித்தபடியே இருந்தாள்.

நுவோன் வந்து எதிரில் நின்றாள். பக்கத்தில் நின்று கூட்டத்தைப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி மாலிஸின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். படம் பிடிக்கிறவன், "அம்மா, இந்தப் பக்கம் திரும்புங்க," என்றான். அவள் காதில் விழவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

மாலிஸ் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"எங்க, வாயத் திற. ஒரு தடவ அம்மான்னு கூப்பிடு."

மாலிஸின் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

"கூப்பிடு புள்ள. ஒரே தடவ. அது போதும் எனக்கு."

"அத்தே..." என்றாள் மாலிஸ்.

நுவோனின் தோள் இறங்கியது. கோபப்படவில்லை. மாலிஸின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். வயல் வேலை செய்த கை, உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தது. "போட்டோவெல்லாம் அனுப்பினது நீயா?"

"மன்னிச்சிடுங்க அத்தே. அவதான் அனுப்பச் சொன்னா. தாய்லாந்துப் பக்கம் வேலைக்குப் போயிருக்கா. இறால் கம்பெனி. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் மறைச்சா, வேற தப்பு ஒண்ணும் இல்ல. ஆறு மாசத்துல வந்துடுவா. சத்தியமா. வந்ததும் நானே கூட்டிக்கிட்டு வந்து விடுறேன்."

"முந்தாநாள் வந்த போட்டோ? அதுவும் நீதானா? அவ எதுவும் சொல்லி அனுப்பலையா?"

"இல்ல அத்தே. நானா அனுப்பினேன்."

"அவ பேசினாளா உன்கூட? இந்த ஒரு வாரத்துல?"

மாலிஸ் இல்லையென்று தலையசைத்தாள். மகுடத்தின் பூச்சரம் கன்னத்தில் பட்டது.

நுவோன் பேச ஆரம்பித்தாள். சந்தையில் வழி சொல்கிறவள் போலச் சாதாரணக் குரலில்.

"முந்தாநாள் அந்தப் போட்டோவப் பக்கத்து வீட்டுப் பையன் காட்டினான். 'நல்லா இருக்கேன்மா'ன்னு படிச்சான். திரும்பப் படிக்கச் சொன்னேன். நாலு தடவ படிச்சான். போனப் புடுங்கிட்டுக் கோயிலுக்கு ஓடினேன் புள்ள. பிக்குகிட்டக் காட்டி, பாருங்க, என் பொண்ணு ஆடிக்கிட்டு இருக்கா, நீங்க எல்லாரும் பொய் சொல்லிட்டீங்கன்னு கத்தினேன். அவரு, 'போய்ப் பாத்துட்டு வாம்மா'ன்னாரு."

"என்ன பொய் அத்தே? யாரு சொன்னா?"

"எல்லைகிட்ட ஒரு லாரி கவுந்துச்சாம். திருட்டுத்தனமா வீட்டுக்குத் திரும்பிக்கிட்டிருந்தவங்களாம். அதுல ஒரு பொண்ணு இடுப்புத்துணியில கனிதாவோட அடையாள கார்டு. ஊர்த்தலைவருக்குப் போன் வந்துச்சு, பெட்டி வந்துச்சு. தொறக்காதீங்க, பாக்குற மாதிரி இல்லைன்னாங்க. நான் தொறக்கல. போன வியாழக்கிழமை எரிச்சோம்."

படம் பிடிக்கிறவன் ஏதோ சொன்னான். விளக்கு ஒருமுறை பளிச்சென்று அடித்து ஓய்ந்தது. மேடையில் வேறு யாரும் இல்லை. கீழே இறாலும் ஐஸ்கிரீமுமாகத் தட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"உன் போட்டோ வந்ததும், எரிச்சது வேற யாரு வீட்டுப் பொண்ணோன்னு நெனச்சேன். எவளோ என் மக கார்டத் திருடி வச்சிருக்கான்னு நெனச்சேன். பஸ்ல வர்ற வழி பூரா அந்தப் பொண்ணோட அம்மாவுக்காக அழுதுகிட்டு வந்தேன்."

"இருக்கலாம் அத்தே," என்றாள் மாலிஸ். "வேற பொண்ணா இருக்கலாம். முகத்தப் பாக்கலைல்ல. கார்ட யாரு வேணா எடுத்திருப்பாங்க. நீங்க பாக்கலைல்ல?"

"பாக்கல. உன்னைத்தான் பாத்தேன்." நுவோன் அவள் கையை விட்டாள். "நெருப்பு வைக்குற வரைக்கும் எல்லாரும் அந்த ஒரு வார்த்தையச் சொன்னாங்க, நான் சொல்லல. இங்க வந்து அவளப் பாத்துட்டா சொல்லவே வேண்டாம்னு இருந்தேன்."

ஃபல்லா அக்கா திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டாள். அவள் பின்னால் ரித்தி. இருவரும் அங்கேயே நின்றார்கள். நுவோன் அவர்களையும் பார்த்தாள், மாலிஸையும் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"என் பொண்ணு செத்துட்டா."